தண்ணீர்ப் பானைக்கு அடியில் புதைத்த பீர்

ராசா,

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் உன் கல்யாணத்தை ஊருக்கு அறிவித்து முதல் ஓலை வாசித்தார்கள். உன் அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று பங்குச் சாமி வாசித்ததும் நான் பெஞ்சை விட்டு எழுந்து, ஊரே பார்க்க, கோயில் நடுவழியாக நடந்து வெளியே போய்விட்டேன். வீட்டுக்கு வந்துதான் பார்க்கிறேன், ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் யாருடையதோ. அந்தப் புண்ணியவதி என் மற்றச் செருப்பைப் போட்டுக்கொண்டு என்னைத் திட்டியபடி வீட்டுக்குப் போயிருப்பாள். பின்னாலேயே நீ வந்தாய். "எல்லாரும் என்னப் பாத்து உச்சுக் கொட்டுதாவம்மா" என்றாய். "உங்கப்பா செத்தத நீ பாத்தியால?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நான் ஆக்கிவைத்த மீன்குழம்பைத் தொடாமல் நீ சாகுபுரம் ஆலைக்குப் பஸ் ஏறப் புறப்பட்டாய். வாசலில் நின்று ஒன்று சொன்னாய். "எல்லாருக்கும் போயி நிக்கதுக்கு ஒரு கல்லறை இருக்கும்மா. எனக்கும் ஒண்ணு வேணும்." அந்த ஓலையில் அந்த வார்த்தையை எழுதிக்கொடுத்தவன் நீதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வாயால் சொல்ல வந்தால் நான் சண்டையில்தான் கொண்டுபோய் முடிப்பேன். அதனால் எழுதுகிறேன். கன்னியர் பள்ளியில் எட்டாவது வரை படித்த எழுத்து, பிள்ளைகள் முதல்முறை நன்மை வாங்கும்போது போடுகிற புதுநன்மை உடுப்பை நான் தைப்பதற்கு அளவு குறிக்க மட்டுமே இத்தனை காலம் பயன்பட்ட எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் மாமா நாளைக்கு அந்தப் பக்கம் வருகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை. அதற்குள் நீ இதைப் படித்தாக வேண்டும். அந்த ஓலையில் உன் அப்பா உயிரோடு இருக்கிறவரா, இறந்தவரா என்பதுதான் நமக்குள் வழக்கு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிட்டால் நீ மற்றதைப் படிக்கமாட்டாய். பொறுமையாகப் படி.

நம் வீட்டுப் பின்கட்டில் தண்ணீர்ப் பானை இருக்கிற மணல் மேட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சின்ன வயதில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். பாம்பு என்றேன், பேய் என்றேன், ஒருமுறை புனித அந்தோணியார் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன், அந்தோணியார் என்னை மன்னிக்க வேண்டும். அங்கே இருந்தது பீர், ராசா. உன் அப்பா தன் கையால் காய்ச்சியது. உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த வருடம் புதைத்தது.

உன் அப்பா தோணியை நடத்துகிற தண்டல் ஆவதற்கு முன்னால் கொழும்பில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயர் பங்களாக் குசினியில் வேலை பார்த்தவர். அந்தத் துரை கடையில் பீர் வாங்கமாட்டாராம், தானே காய்ச்சுவாராம். அதைப் பார்த்துப் பார்த்து இவருக்குக் கைப்பழக்கம். நீ பிறந்தபோது இங்கே மதுவிலக்கு. கள் இறக்கினாலே பிடித்துக்கொண்டு போவார்கள். இவருக்கு அப்போதுதான் ஆசை வந்தது. கூடாது என்றால் அதைச் செய்து பார்க்கிற ஆள் அவர். பார்லியைச் சாக்கில் நனைத்துக் கட்டி முளைக்கவைத்தார். நாம் கேப்பையை முளைகட்டுவது போலத்தான். அதை வெயிலில் காயவைத்து, மணல் போட்டு வறுத்து, அம்மியில் நான் உடைத்துக் கொடுத்தேன். கொழும்பிலிருந்து ஒரு தகர டப்பாவில் ஏதோ காய்ந்த பூ கொண்டுவந்திருந்தார், வேப்பம்பூவைவிடக் கசப்பு. துரை வெள்ளைச் சீனி போடுவாராம். இவர் உடன்குடிக் கருப்பட்டியை உடைத்துப் போட்டார். "நம்ம பயலுக்கு நம்ம இனிப்பு" என்றார். ரொட்டிக்கடையில் கெஞ்சி வாங்கிய புளித்த மாவைக் கரைத்து ஊற்றினார். வீடு முழுக்க ஒரு வாடை. பக்கத்து வீட்டில் கேட்டால் பிள்ளை பெற்றவளுக்குக் கஷாயம் என்று சொல்லச் சொன்னார். அவர்களும், இவ்வளவு கஷாயமா குடிக்கிறாள், பாவம் என்று என்னைப் பார்க்க வந்தார்கள்.

புளித்து அடங்கியதும் ரப்பர்க் குழாயைப் பானையில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, ஒவ்வொரு குப்பியாக நிரப்பினார். கப்பல்காரர்களிடம் வாங்கிய கனமான பச்சைக் குப்பிகள். எனக்கும் ஒரு வாய் கொடுத்தார். புளிப்பும் கசப்பும், நான் குசினிச் சன்னல் வழியாகத் துப்பினேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் அந்தச் சன்னலில்தான் இருக்கிறது. "இது இப்பக் குடிக்கதுக்கு இல்லளா. காலம் குடிச்சது போக மிச்சந்தான் நமக்கு" என்றார். தக்கை அடைத்து, அதன்மேல் வலை பின்னும் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, தோணிப் பலகை இடுக்குக்குப் பூசுகிற குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி முடிச்சோடு சேர்த்துப் பூசினார். பிறகு, தண்ணீர்ப் பானை கசிந்து எப்போதும் ஈரமாய் இருக்கிற அந்த மணலில் குழி தோண்டிப் படுக்கவைத்தார். இந்த ஊர் வெயிலில் அதைவிடக் குளிர்ச்சியான இடம் எங்கே இருக்கிறது? மூடிவிட்டுச் சொன்னார், "பயலுக்குக் கல்யாண ஓலை வாசிக்க அன்னைக்குத் தொறப்போம். நான் வந்துதான் அவுப்பேன். நீ பல்லால கடிச்சாலும் இந்த முடிச்சு வராது."

ஒரு தடவை சோதனை வந்தது. யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ஒரு போலீஸ்காரர் கட்டிலுக்கு அடியில், கூரை இடுக்கில், கோழிக்கூண்டில் எல்லாம் கம்பால் குத்திப் பார்த்தார். வேர்த்து ஊற்றியது அவருக்கு. கடைசியில் என்னிடம், "தாயி, கொஞ்சம் தண்ணி குடு" என்றார். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பானையிலிருந்து மோந்து கொடுத்தேன். அவர் அந்த மணல்மேல் நின்றே குடித்துவிட்டு, "நல்லாக் குளுகுளுன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பா கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

உன் அப்பா சொல்வது ஒன்றாக இருக்கும், செய்து வைத்திருப்பது வேறாக இருக்கும். அலமாரிச் சாவியைத் தோணிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவார், சாவி அரிசிப் பானையில் கிடக்கும். கொழும்பிலிருந்து ஒன்றும் வாங்கிவரவில்லை என்று மூஞ்சியைத் தொங்கப்போட்டு நிற்பார், சட்டைக்குள் சேலை இருக்கும். இதெல்லாம் தெரிந்திருந்தும் அந்த முடிச்சைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். கயிறு சமாச்சாரம் எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் நம் வீடுகளில் பெண்பிள்ளைகள் தோணிக் கயிற்றைத் தாண்டக் கூடாது, தொடக் கூடாது. தொட்டால் கடலுக்குத் தீட்டு. சேலைத் தலைப்பு பட்டால்கூடக் கடல் தண்ணீர் தெளிப்பார்கள்.

முத்துக்குளி வந்த வருடம் உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, நீ அப்போதுதான் சிலேட்டு தூக்கப் பழகியிருந்தாய். உன் அப்பாவும் கடலுக்கடியில் முத்துக் குளிக்கப் போனார். மேலே வள்ளத்தில் கயிற்றைப் பிடித்தவன் உன் மாமா. குளிக்கிறவன் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பான், தங்கச்சி தாலி அறுபட எந்த அண்ணன் விடுவான் என்று. கீழே மூச்சு முட்டினால் கயிற்றை ஒரு இழுப்பு இழுக்க வேண்டும், மேலே இருக்கிறவன் தூக்கிவிடுவான். உன் மாமா சாயங்காலம் வந்து எனக்குச் சொல்வான், "ஏளா, ஒன் மாப்பிள்ள கீழ கெடந்து என்னத்தப் பேசுதானோ தெரியல, கடைசிக் குமிழி வந்தப்பெறவுதான் இழுக்கான். எனக்கு உசிரு போயிட்டு வருது." நான் சிரிப்பேன். கயிறு என் அண்ணன் கையில் இருக்கும்வரை எனக்குப் பயமில்லை.

கடைசியாகப் போனது கயிறு இல்லாத இடத்துக்கு. ஐப்பசியில் கொழும்புக்குத் தோணி எடுத்தார்கள், வெங்காயமும் கருவாடும் ஏற்றி. மேகம் சரியில்லை என்று கரையில் சொன்னவர்கள் உண்டு. கொழும்புக்குத் தோணி போய்ச் சேரவில்லை. திரும்பி இங்கேயும் வரவில்லை. ஒரு பலகை, ஒரு பாய்த்துண்டு, ஒன்றும் எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை. கூடப் போனவர்களின் வீடுகளில் ஒவ்வொன்றாகப் பூசை வைத்தார்கள், கறுப்புக் கட்டினார்கள். நான் வைக்கவில்லை. சாமி வந்து சொன்னார், உன் மாமா அழுது சொன்னான், உனக்கு நினைவிருக்கும். "ஒடம்பக் கொண்டாங்க, கறுப்புக் கட்டுதேன்" என்றேன். அவர் சாவியை அரிசிப் பானையில் போட்டுவிட்டு இல்லை என்று சொல்கிற ஆள். தோணியோடு காணாமல் போவதையும் அப்படி ஒரு விளையாட்டாகத்தான் என் மனசு எடுத்தது. பைத்தியம் என்று சொல்வாய். சொல்லு.

இனி நான் சொல்லப்போவதை இந்த வாரம்வரை யாருக்கும் சொன்னதில்லை.

அவர் போன மறு கோடையில், கத்திரி வெயிலில், ஒரு மத்தியானம் பின்கட்டில் 'டம்' என்று ஒரு சத்தம். பானை ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் எல்லாம் மணலில். நீ பயந்து என் முந்தானைக்குள் புகுந்துகொண்டாய். குப்பி ஒன்று மணலுக்குள் வெடித்திருந்தது. கருப்பட்டி வாடையும் குங்கிலிய வாடையும் கலந்து எழுந்தன. அவர் சட்டையைக் கழற்றிப் போடும்போது வருமே, அதே வாடை. எனக்கு மயிர் கூச்செறிந்தது. பயத்தில் இல்லை. வந்துவிட்டார் என்று. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று தட்டு வைத்தேன். "யாருக்கும்மா?" என்று கேட்டாய். "அப்பா வந்திருக்காவ" என்றேன். நீ அந்தத் தட்டைப் பார்த்தபடி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு கத்திரிக்கும் ஒன்று வெடிக்கும், சில வருடம் இரண்டு. நீயும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒல்லியாகிக்கொண்டே போனாய். பின்கட்டுக்குத் தனியாகப் போகமாட்டாய். தண்ணீர் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவாய். அதை நான் சின்னப்பிள்ளைப் பயம் என்று விட்டுவிட்டேன்.

வெடித்தது மட்டும் இல்லை. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கு முன்னாலும் மணலைத் தோண்டி மீதிக் குப்பிகளை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைப்பேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது போன வருடத்தைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். குங்கிலியம் விரியவில்லை, தக்கை அசையவில்லை, முடிச்சு அப்படியே இருக்கும். ஆனால் குறைந்திருக்கும். கழுத்துவரை இருந்தது தோளுக்கு வந்தது, தோளிலிருந்து இன்னும் கீழே. யார் குடிக்கிறார்கள்? நீ குடிக்கவில்லை, நான் குடிக்கவில்லை. எனக்கு அவ்வளவு நிம்மதி, ராசா. வருகிறார், குடிக்கிறார், போகிறார். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போகிறார், அதுவும் அவர் வழக்கம்தான். ராத்திரி பின்கட்டில் மணல் நறுநறுக்கிற சத்தம் கேட்டால் எழுந்து பார்க்கமாட்டேன். பார்த்தால் கூச்சப்பட்டு வராமல் போய்விடுவாரோ என்று.

இப்போது கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறேன். நீ மறந்திருக்கமாட்டாய். ஆத்துமாக்கள் திருநாள். ஊரே கல்லறைக்கு வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுதிரி கொளுத்தி, ஆளுக்கொரு குடும்பமாக உட்கார்ந்திருக்கிறது. என் அம்மா கல்லறைக்கு உன்னைக் கூட்டிப்போயிருந்தேன். திரும்பிப் பார்த்தால் உன்னைக் காணவில்லை. தேடிப் போனால், மதிலோரம், பெயர் அழிந்துபோன ஏதோ ஒரு கல்லறை. அதில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. நீ அதன் முன்னால் முழங்காலில் நின்று மெழுகுதிரியைக் கல்லில் ஒட்டவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாய். "யாருக்குல இது?" என்றேன். "அப்பாவுக்கு" என்றாய். "இவுகளுக்கும் யாரும் வரலம்மா. அதான் இத எடுத்துக்கிட்டேன்" என்றாய். நான் அந்த மெழுகுதிரியைப் பிடுங்கி எறிந்தேன். உன் கையில் சூடான மெழுகு வழிந்தது. நீ அழவில்லை. வீடு வரும்வரை அந்த மெழுகை விரலிலிருந்து உரித்துக்கொண்டே வந்தாய். போன ஞாயிறு வாசலில் நின்று நீ கல்லறை வேண்டும் என்றபோது, பேசியது இருபத்தைந்து வயது ஆண்பிள்ளை இல்லை, அந்தப் பையன்தான் என்று எனக்குத் தெரிந்தது.

நீ போன மூன்றாவது நாள் ரோஸ்லின் வந்தாள், கல்யாணச் சேலைக்கு ஜாக்கெட் அளவு கொடுக்க. கோயிலில் நான் செய்த கூத்துக்கு அவள் வீட்டில் என்னென்ன பேசியிருப்பார்களோ என்று எனக்குக் கூச்சம். அவளுக்கு ஒன்றும் இல்லை. உள்ளே வந்ததும், "மாமி, மாத்திப் போட்டுட்டுப் போனியளே, அந்தச் செருப்பு எங்க பெரியம்மைக்கு உள்ளது. ஒங்க ஒத்தச் செருப்ப வாங்கிட்டு வந்திருக்கேன்" என்று பையிலிருந்து எடுத்து வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுகையும் வந்துவிட்டது. நீ கட்டப்போகிறவள் கெட்டிக்காரி, ராசா. என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று கேட்கவில்லை. "தண்ணி குடிச்சிக்கிடுதேன் மாமி" என்று பின்கட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போய், எதற்கென்று தெரியாமல், பானைக்குக் கீழே இருப்பதை அவளிடம் சொன்னேன். உனக்குச் சொல்லாததை நேற்று வந்தவளிடம் சொன்னேன் என்று கோபப்படாதே. உன் முகம் அப்படியே உன் அப்பா முகம். அதைப் பார்த்து என்னால் இதைச் சொல்ல முடிந்ததில்லை.

இரண்டு பேருமாகப் பானையை இறக்கிவைத்து மணலை அள்ளினோம். இரண்டு குப்பிதான் மிச்சம். ஒன்றை எடுத்துச் சேலையில் துடைத்து வெளிச்சத்தில் காட்டினேன். "பாதி கொறஞ்சிருக்கே மாமி?" என்றாள். "ஒன் மாமனார் வந்து குடிச்சிட்டுப் போவாவ" என்றேன். இத்தனை வருடத்தில் முதல்தடவை அதை வாய்விட்டுச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "மூடின குப்பியில இருந்தா மாமி?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். நான் அந்த ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உயிரோடு இருக்கிறவன் மூடியைத் திறந்துதான் குடிப்பான். அவர் வருகிறார், இருக்கிறார் என்பதற்கு எதை ஆதாரமாக வைத்திருந்தேனோ, அதை வைத்தே நான் அவரைப் பேயாக்கி வீட்டுக்குள் உலாவவிட்டிருந்தேன். இந்த மணலுக்கு மேலே ஒருத்தியாகவும் கீழே ஒருத்தியாகவும் நான் இருந்திருக்கிறேன், அவர் போய்விட்டார் என்று கீழே இருந்தவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. இவ்வளவையும் ரோஸ்லினிடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து அவளே என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். புதுப் பாவாடை முழுக்க ஈரம்.

கொஞ்ச நேரம் கழித்து, "தொறந்துருவோம்ளா" என்றேன். முதல் ஓலைதான் வாசித்தாகிவிட்டதே. தையல் கத்திரியை எடுத்துவந்து நூலில் வைத்தேன். பல்லால் கடித்தாலும் வராது என்று சொன்ன முடிச்சு. ரோஸ்லின் என் கையைப் பிடித்தாள். "வெட்டாதிய மாமி. நல்ல முடிச்ச வெட்டக் கூடாதும்பாவ எங்கப்பா." அவள் வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது, அவள் அப்பாவுக்குப் பாய் தைக்கவும் கயிறு முறுக்கவும் இவள்தான் கை. கத்திரியின் பின்பக்கத்தால் குங்கிலியத்தைத் தட்டித் தட்டிப் பெயர்த்தாள். பொறுக்குப் பொறுக்காக உதிர்ந்தது. உள்ளே நூல் நேற்றுக் கட்டியதுபோல வெள்ளையாக இருந்தது. குனிந்து பார்த்தாள். "மாமி" என்றாள். "இது உருவு முடிச்சு. நுனிய மடிச்சு உள்ள வச்சிருக்கு பாருங்க. ஒரு இழுப்பு இழுத்தா வந்துரும். இது அவுக்கதுக்குன்னே போட்டது. கையில வலு இல்லாத ஆளு அவுக்கட்டும்னு போட்டிருக்காவ."

நுனியை என் விரலில் கொடுத்தாள். இழுத்தேன். ஒரு இழுப்புத்தான். சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது எல்லாம் அப்படியே கழன்று என் மடியில் விழுந்தது.

ராசா, அவர் எனக்காகத்தான் கட்டியிருக்கிறார். வராமல் போனால் நான் திறந்துகொள்ளட்டும் என்று கட்டியிருக்கிறார். நான் வந்துதான் அவிழ்ப்பேன் என்று வாயால் சொல்லிவிட்டு, சாவியை அரிசிப் பானையில் போட்டது போலவே செய்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு தரம், ஒரே ஒரு தரம், அந்தக் குங்கிலியத்தைத் தட்டிப் பார்த்திருந்தால் எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். நீயும் அந்தத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து வளர்ந்திருக்க மாட்டாய்.

தக்கையைத் திருகியதும் உள்ளேயிருந்து ஒரு மூச்சு வந்தது. பெரிதாக இல்லை. தூங்குகிற பிள்ளை புரண்டு படுக்கும்போது விடுமே, அந்த அளவு. ரோஸ்லின் சிலுவை போட்டுக்கொண்டாள். எவர்சில்வர் தம்ளரில் ஊற்றினோம். கருப்பட்டிக் காப்பி நிறம். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நுரை வந்து, எங்களைப் பார்த்துவிட்டு அடங்கியது. மதுவிலக்கை எடுத்தார்கள், திரும்பப் போட்டார்கள், நாட்டு நடப்பு எப்படியோ போகட்டும். போலீஸ் வந்தால் மாமியாரும் மருமகளும் ஒரே வண்டியில் போவோம் என்றேன். அவள் முதலில் குடித்தாள். முகத்தைச் சுளிப்பாள் என்று பார்த்தேன். சுளிக்கவில்லை. நான் குடித்தேன். அன்றைக்குச் சன்னல் வழியாகத் துப்பினேனே, அது இல்லை இது. முதலில் கசந்தது. பிறகு உலர்ந்த திராட்சை போல ஒரு இனிப்பு. கடைசியில் பழைய தோணிப் பலகை வாசம், கோயில் சாம்பிராணி வாசம். விழுங்கிய பிறகும் நெஞ்சில் நின்றது. காலம் குடித்தது போக மிச்சம் என்றாரே, அது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. அவர் இதைக் குடிக்காமல் போய்விட்டார் என்று நினைத்தேன். போய்விட்டார் என்று நினைத்தது அதுதான் முதல்தடவை. அப்போது அழுதேன், ராசா. அந்த ஐப்பசியில் அழ வேண்டியதை அழுதேன். ரோஸ்லின் என் தலையைத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி பின்கட்டில் ஒரு சத்தமும் இல்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு அமைதி.

கல்யாணத்துக்குப் பிள்ளைக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். நான் என்ன சொல்ல? நீ ஆலையில் ராத்திரி ஷிஃப்ட் போகிறவன். போகும்போது விளையாட்டுக்குக்கூட அவளிடம் பொய் சொல்லிவிட்டுப் போகாதே. வீட்டில் நீ கட்டிவைக்கிற எதையும் எப்படி அவிழ்ப்பது என்று அவளுக்குக் காட்டிக்கொடு. அவளுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும், இருந்தாலும் காட்டு. அவள் தொடக்கூடாத கயிறு என்று ஒன்று உன் வீட்டில் இருக்க வேண்டாம். நல்லதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று மணலில் புதைக்காதே. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நேற்று உன் மாமாவோடு போய்ச் சாமியைப் பார்த்தேன். ஓலையை மாற்ற வேண்டாம், இருக்கிறபடியே வாசியுங்கள் என்று சொன்னேன். காலஞ்சென்ற என்றே வாசிக்கட்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன், எழுந்து போகமாட்டேன். பூசைக்கும் சொல்லிவிட்டேன், உன் கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, அவர் ஆத்துமாவுக்கு. கறுப்புக் கட்டவா என்று உன் மாமாவைக் கேட்டேன். "இத்தன வருசம் கெட்டிக்கிட்டுத்தானளா இருந்த" என்றான்.

இன்னொரு குப்பி இருக்கிறது. அதன் முடிச்சை நான் தொடவில்லை, அது உனக்கு. திரும்ப மணலில் படுக்கவைத்துவிட்டேன். ஆனால் பானையை அதன்மேல் வைக்கவில்லை, குசினிக்குள் கொண்டுபோய்விட்டேன். பின்கட்டில் அந்த இடம் இப்போது வெறுமையாக, ஓராள் நீளத்துக்கு மேடாக இருக்கிறது. நான்கு பக்கமும் சங்குதான் பதித்திருக்கிறேன், வேறு கல் எனக்கு எங்கே கிடைக்கும். உன் அப்பா வாய் வைத்து உறிஞ்சி நிரப்பியது அதற்குள்தான் இருக்கிறது. கடல் அவரைத் திருப்பிக் கொடுக்கவில்லை, நமக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் முன்னால் வீட்டுக்கு வா. பயப்படாமல் பின்கட்டுக்குத் தனியாகப் போ, நான் வரமாட்டேன். மெழுகுதிரி வாங்கி வைத்திருக்கிறேன்.

அம்மா